ஹைட்ரஜன் என்று வாசிக்கவும்

எங்கள் ஆணையத்துக்கு ஹைட்ரஜன் வந்து சேரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திறப்பு விழா மூன்று முறை நடந்து முடிந்திருந்தது. சேமிப்புத் தொட்டி வரவேண்டிய இடத்தில் அடிக்கல் மட்டும் மூன்று நட்டிருந்தார்கள். இவ்வளவும் ஆன பிறகு ஹைட்ரஜன் வேறு எதற்கு என்ற நிம்மதியில் எல்லோரும் இருந்தோம்.

நான் அங்கே பேருந்து ஓட்டுநர். ஹைட்ரஜனில் ஓடும் பேருந்து ஒன்றை இழுவை வண்டியில் கட்டிக் கொண்டுவந்து வளாகத்தில் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. அதை நான் ஒரு முழம்கூட ஓட்டியதில்லை. காலை பத்து மணிக்கு ஏறி உட்காருவேன், கண்ணாடியைத் துடைப்பேன், பேட்டரிக்குச் சார்ஜ் போடுவேன், குறிப்பேட்டில் 'விபத்து இல்லை' என்று எழுதுவேன், ஐந்து மணிக்கு இறங்கி வீட்டுக்குப் போவேன். விபத்தில்லாத ஓட்டுநர் என்று போன மாதம் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாங்கிக்கொண்டேன்.

போன வருடம் வரை எங்களுடையது நிலக்கரி ஆணையம். ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, பெயர்ப்பலகை மாறியது. விதிப்புத்தகமும் மாற வேண்டுமல்லவா? அதற்கு ஒரு குழு போட்டார்கள். இருநூறு பக்கப் புத்தகத்தைத் திருத்தி எழுதுவது பெரிய வேலை என்று குழு கண்டுபிடித்தது. எனவே ஒரே வரியில் ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டு அது கலைந்துபோனது: 'விதிகளில் நிலக்கரி என்று வரும் இடங்களில் எல்லாம் ஹைட்ரஜன் என்று வாசிக்கவும்.'

நாங்களும் அப்படியே வாசித்தோம். 'ஹைட்ரஜன் மேல் ஏறி நிற்பவர்கள் காலணி அணிய வேண்டும்' என்று கேட்டுக்கு உள்ளே ஒரு பலகை தொங்கியது. கழிவறையில் 'கையில் ஹைட்ரஜன் ஒட்டியிருந்தால் சோப்புப் போட்டுத் தேய்க்கவும்' என்று இன்னொன்று. அதைப் படித்துவிட்டு இரண்டு முறை தேய்த்தவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒரு காலை பதினொரு மணிக்கு அந்த லாரி வந்தது. முதுகில் ஒன்பது நீளமான எஃகு உருளைகள், அடுக்கிக் கட்டியிருந்தன. இறங்கிய லாரிக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சட்டை, கழுத்தில் கசிவு பார்க்கும் கருவி, கையில் காகிதங்கள். ஆணையத்தில் சும்மா உட்கார்ந்திருந்த முதல் ஆளாக நான் அவர் கண்ணில் பட்டேன்.

"அண்ணே, இறக்க அரை மணி நேரம்தான் ஆகும். ரெண்டு மணிக்குள்ள விட்டுடுவாங்கல்ல?" என்றார்.

அரை மணி நேரம் என்ற சொல்லை அந்த வளாகத்தில் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது.

"வீட்டுக்காரிக்கு நாலு மணிக்குக் கண்ணு ஆபரேஷன்ணே. டவுன் கண்ணாஸ்பத்திரில. ஊசின்னாலே கண்ண இறுக்கி மூடிக்கறவ, இது கண்ணுலயேன்னா எப்படி இருக்கும்? உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்னு சொல்லிருக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

"போயிடலாம் தம்பி" என்றேன், வாய்க்கு வந்ததை.

"எனக்கு இந்த இடம் புதுசு இல்லண்ணே. ரெண்டு புள்ளைங்க பொறந்தப்பவும் இதே கேட்டுக்குள்ளதான் நின்னேன். அப்ப நிலக்கரி லோடு. மூத்தவ பொறந்தன்னிக்கு எடை போட வரிசை. சின்னவன் பொறந்தன்னிக்குச் சீல் வைக்கறவர் லீவு." அவர் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தார். "இப்பதான் எல்லாம் மாறிடுச்சே."

நான் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

எடைமேடை எழுத்தர் படிவத்தோடு வந்தார். முதல் கேள்வியே கட்டியின் அளவு. பெரிய கட்டி, நடுத்தரக் கட்டி, சிறு கட்டி, தூள் என்று நான்கு கட்டங்கள் இருந்தன.

"கட்டியே கிடையாது சார். இது வாயு" என்றார் லாரிக்காரர்.

"வாயுன்னு கட்டம் இல்லியே. ரொம்பப் பொடியா இருக்குமோ?"

"உலகத்துலயே அதவிடப் பொடி கிடையாது சார்."

"அப்படிச் சொல்லுங்க. தூள்." எழுத்தர் டிக் அடித்தார்.

தூள் என்றால் விதி பதினேழு குறுக்கே வரும். காற்றில் பறக்காமலிருக்க ஹைட்ரஜன் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாயை இழுத்து வந்து கால் மணி நேரம் ஒன்பது உருளைகளையும் குளிப்பாட்டினார்கள். லாரிக்காரர் சொட்டச் சொட்ட நின்ற வண்டியைப் பார்த்தார். "கழுவி ரொம்ப நாளாச்சு. நன்றி சார்" என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

பிறகு எடை. லோடோடு முப்பத்தெட்டாயிரத்து முந்நூறு கிலோ. காலி வண்டி முப்பத்தெட்டாயிரம். அத்தனை பெரிய இரும்புக்குள் ஹைட்ரஜன் முந்நூறு கிலோதான். எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி தெளிச்ச தூளுக்கு ஈரக் கழிவு ஐநூறு கிலோ. விதி இருபது. முந்நூறுல ஐநூறு போனா..." அவர் விரல் விட்டு எண்ணி, மறுபடி எண்ணி, எதற்கும் இருக்கட்டும் என்று கால்குலேட்டரிலும் போட்டுப் பார்த்தார். "மைனஸ் இருநூறு."

"அப்படின்னா சார்?"

"நீங்க ஒண்ணும் கொண்டு வரல. அதுமட்டும் இல்ல, கொண்டு வராதது இருநூறு கிலோ அதிகமா இருக்கு."

லாரிக்காரருக்கு முழி பிதுங்கியது. "சார், உருளைக்குள்ள இருக்கு சார். அழுத்தமானி இருநூறு காட்டுது பாருங்க."

"அதத்தான நானும் சொல்றேன். இருநூறு. மைனஸ் போட இங்க கட்டம் இல்ல, வெறும் இருநூறுன்னு போட்டுடறேன். உங்களுக்காக." எழுத்தர் பெரிய மனது பண்ணிக் கையெழுத்துப் போட்டபோது மணி பன்னிரண்டரை.

அடுத்தது மாதிரி எடுப்பு. அதற்கான அதிகாரியை நாங்கள் சல்லடை சார் என்போம். முப்பது வருடமாக நிலக்கரியைச் சலித்தவர். ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் மூன்று துணிப்பைகளுமாக வந்தார். பலகையில் சொன்னபடி காலணியைச் சரிபார்த்துக்கொண்டு உருளைகள் மேல் ஏறி நின்றார்.

"மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு. எங்க தோண்டலாம்?"

"தோண்ட முடியாது சார். திறந்தா அடுத்த நிமிஷம் ஆகாசத்துல இருக்கும்."

சல்லடை சார் ஆகாசத்தைப் பார்த்தார். "அப்ப மேல் மாதிரிய அங்கேருந்தே எடுத்துக்கலாம்" என்று பையை விரித்து இரண்டு வீசு வீசி வாயைக் கட்டினார். நடு மாதிரியை இடுப்பளவிலும் அடி மாதிரியைச் சக்கரத்துக்குப் பக்கத்திலும் எடுத்தார். லாரிக்காரரே பையின் வாயைப் பிடித்துக் கொடுத்தார். ஆளைவிட்டால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

அப்போதுதான் சல்லடை சார் பைகளுக்குச் சீல் வைக்கச் சட்டைப் பையிலிருந்து அரக்கையும் சின்ன ஸ்பிரிட் விளக்கையும் எடுத்து, லாரியின் படிக்கட்டில் வைத்து, தீக்குச்சியைப் பெட்டியில் உரசப் போனார்.

நாற்பத்தைந்து வயதில் ஒரு மனிதர் அவ்வளவு தூரம் தாண்டி நான் பார்த்ததில்லை. தீப்பெட்டி ஒரு பக்கமும் சல்லடை சார் ஒரு பக்கமும் விழுந்தார்கள்.

"சார்! ஹைட்ரஜன் லாரி சார்! கசிஞ்சு பத்திக்கிட்டா வெயில்ல அந்தத் தீ கண்ணுக்குக்கூடத் தெரியாது!"

சல்லடை சார் நிதானமாக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "தெரியாதுன்னா அறிக்கையில எழுத வேண்டியதில்லல்ல? எதுக்கு இவ்வளவு பதட்டம்?"

கெஞ்சிக் கூத்தாடி, அரக்கு வைக்கும் வேலையை நூறு அடி தள்ளியிருந்த அறைக்கு மாற்றினோம். ஆய்வகத்தில் அந்த மூன்று பைகளையும் பிரித்துக் கொட்டி, விழுந்ததைச் சூடாக்கி, மிஞ்சியதை நிறுத்தார்கள். சாம்பல் பூஜ்யம். கல் பூஜ்யம். மண் பூஜ்யம். சல்லடை சார் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தமான சரக்க நான் பாத்ததே இல்ல" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கோர்த்திருந்தது.

செய்தி தலைவர் அறைக்குப் போனது. முதல் தரத்துக்கும் மேலே ஒரு சரக்கு என்றால் சும்மா விட முடியுமா? இரண்டு மணிக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு ஒலிபெருக்கி வைத்தார்கள். லாரிக்காரரை மேடையில் உட்கார வைத்தார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரை வரவேற்க வேண்டியவர் விடுப்பில் இருந்ததால் தலைவரே தம்மை வரவேற்றுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"தண்ணீரைச் சூரிய ஒளியால் பிளந்து ஹைட்ரஜனை எடுக்கிறார்கள். நல்லது. எடுத்ததை எப்படிச் சேமிப்பது என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. சிலர் அழுத்தி உருளையில் அடைக்கிறார்கள். சிலர் மைனஸ் இருநூற்று ஐம்பத்து மூன்று டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்குகிறார்கள். சிலர் உலோகத் தூளை உறிஞ்ச வைக்கிறார்கள். சிலர் அம்மோனியாவாக மாற்றிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். இந்த நான்கு முறைகளிலும் ஒரு பெரிய குறை இருக்கிறது. நான்குக்குமே ஹைட்ரஜன் தேவைப்படுகிறது."

கைதட்டல்.

"நம் ஆணையம் ஐந்தாவது முறையைக் கண்டுபிடித்திருக்கிறது. ஹைட்ரஜனைக் கோப்பில் சேமிப்பது. எட்டு மாதமாகச் சேமிக்கிறோம், ஒரு கிராம்கூடக் கசியவில்லை. வெடிக்கவில்லை. யாரும் கேட்டும் வரவில்லை."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன், பழக்க தோஷம்.

"எனக்கு ஹைட்ரஜனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சிலர் பேசுகிறார்கள். நிலக்கரியைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாதுதான். இருபது வருடம் அதை நிர்வகிக்கவில்லையா? ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை, கனமுமில்லை. நாம் செய்யும் வேலையும் அப்படித்தான். இருப்பதே யாருக்கும் தெரியாது. இயற்கையே நம்மைப் பார்த்து ஒரு பொருளைப் படைத்திருக்கிறது என்று சொல்லி..."

சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. லாரிக்காரர் மேடையிலிருந்து குதித்து இறங்கி, "சார், கேட் பாஸ்" என்று கையை நீட்டினார்.

"கொட்டுங்க, தர்றேன்" என்றார் சல்லடை சார். "விதி நாப்பத்திரெண்டு. தரையில கொட்டுன ஹைட்ரஜன அதிகாரி நேர்ல கண்ணால கண்டு, கண்பார்வைச் சான்றுல கையெழுத்துப் போட்டப்புறம்தான் வண்டி வெளிய போகும்."

"கண்ணால காண முடியாது சார்!"

"முதல்ல கொட்டுங்க. காண்றது என் பொறுப்பு."

லாரிக்காரர் என் பேருந்துக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். போன் அடித்தது. மதியச் சந்தடி அடங்கியிருந்ததால் எனக்கும் அந்தக் குரல் கேட்டது.

"கெளம்பிட்டீங்களா?"

"இதோம்மா. கெளம்பிட்டே இருக்கேன்."

அந்தம்மா சொன்னார், "பரவால்லங்க. நீங்க வேலையப் பாருங்க. எனக்குப் பழகிடுச்சு."

அவர் போனைப் பையில் போட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லாரி கெடக்கட்டும், நீ ஒரு ஆட்டோ புடிச்சுப் போப்பா" என்றேன்.

"நான் அந்தாண்ட போனா அவரு இந்தாண்ட விளக்க ஏத்திடுவாருண்ணே. இத்தன பேர் இருக்கற எடம்." அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவருடைய லாரியைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தேன். என் பேருந்தின் கூரையில் தொட்டிகள் காலியாகக் கிடந்தன. லாரியில் குழாய் இருந்தது. ஆனால் பேருந்து ஓடினால் நாளையிலிருந்து நானும் ஓட வேண்டும். எட்டு மாதச் சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. 'எனக்குப் பழகிடுச்சு' என்று அந்தம்மா சொன்னதைக் கேட்டபோது என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கும்தானே பழகிவிட்டிருந்தது.

நேராகத் தலைவரிடம் போனேன். "ஐயா, சரக்க பஸ்ஸுல ஏத்திடலாம். நீங்க எல்லாரும் உள்ள உக்காந்தா போட்டோ நல்லா வரும். நாலாவது திறப்பு விழா."

நாலாவது என்று கேட்டதுமே தலைவர் எழுந்துவிட்டார்.

லாரிக்காரர் எர்த் ஒயரை மாட்டினார், குழாயைப் பூட்டினார், இணைப்பில் சோப்பு நுரை தடவினார், கருவியைக் காட்டிப் பார்த்தார். லாரியிலும் பேருந்திலும் அழுத்தம் சமமாகும் வரைதான் ஏறும், தொட்டி பாதிகூட நிறையாது, ஊருக்குள் போய் வர அது போதும் என்றார். கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்த வளாகத்தில் அன்றைக்கு விதி எதுவும் இல்லாமல் நடந்த ஒரே வேலை அதுதான்.

தலைவர், சல்லடை சார், எடைமேடை எழுத்தர், இன்னும் பதினொரு பேர் ஏறி ஜன்னல் ஓரமாகப் போட்டி போட்டு உட்கார்ந்தார்கள். ஸ்பிரிட் விளக்கு எங்கே என்று கேட்டேன். பத்திரமாகச் சல்லடை சார் பையிலேயே இருந்தது. அதை வாங்கி வெளியே அடிக்கல் மேல் வைத்தேன். விளக்கேற்றும் ஆட்கள் எல்லோரும் உள்ளே, லாரி வெளியே, வால்வுகள் பூட்டி, சாவி லாரிக்காரர் பையில், அவர் என் பக்கத்து இருக்கையில். மணி மூன்று இருபது.

ஹைட்ரஜன் பேருந்தில் இன்ஜின் சத்தம் கிடையாது. உள்ளே வாயு மின்சாரமாக மாறும், மின்சாரம் சக்கரத்தைச் சுற்றும், பின்னால் கொஞ்சம் தண்ணீர் சொட்டும். அவ்வளவுதான். இது எங்கள் ஆணையத்தில் யாருக்கும் தெரியாது. நான் மெதுவாக மிதித்தேன். கேட்டில் காவலர் தலைவரைப் பார்த்து சல்யூட் அடித்தார். லாரியை நிறுத்த அவரிடம் பதினாறு விதிகள் இருந்தன. நிலக்கரி ஆணையத்தில் பேருந்து ஏது? பேருந்தை நிறுத்த ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது சிக்னலில் தலைவர் முன்னால் குனிந்தார். "இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?"

"இதோங்க ஐயா."

"அவசரமில்ல. போட்டோக்காரர் எங்க?"

மூன்று ஐம்பதுக்குக் கண் மருத்துவமனை வாசலில் நிறுத்தினேன். முழுதாக நிற்பதற்குள் லாரிக்காரர் இறங்கி ஓடிவிட்டார். நான் பின்னாலேயே போனேன். ஆபரேஷன் அறைக் கதவருகில் ஒரு சின்ன உருவம், பச்சை அங்கி, தலையில் தொப்பி, பக்கத்தில் அந்தம்மாவின் தங்கை. அந்தம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"ஏய். வந்துட்டேன்."

கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தார். "ஷேவ் பண்ணிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று வந்தது. பிறகு அந்தம்மாவே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். லாரிக்காரர் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது. அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

இதற்குள் ஆணையம் இறங்கி உள்ளே வந்திருந்தது. சுவரோரம் ஒரு நீள பெஞ்சும் அதன் ஓரத்தில் ஒரு வரிசையும் இருந்தன. வரிசையைக் கண்டால் எங்கள் ஆட்கள் எதற்கு என்று கேட்பதில்லை. பதவிப்படி உட்கார்ந்தார்கள். நர்ஸ் மருந்துப் புட்டியோடு வந்தார்.

"தலைய மேல தூக்குங்க. கண்ணத் திறங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ விடுவேன், எந்திரிக்கக் கூடாது."

"எத்தனை தடவ?" என்று மட்டும் கேட்டார் தலைவர்.

"மூணு."

"மூணுன்னா சரி" என்று தலையைத் தூக்கினார். பதினான்கு பேரும் தூக்கினார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கண் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு அது. அரை மணி நேரத்தில் ஒருவருக்கும் கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை. எழுத்தர் தம் கையை விரித்து விரல்களை எண்ண முயன்றார், விடை வரவில்லை. லாரிக்காரர் யோசித்தார். தன் காகிதங்களிலிருந்து கண்பார்வைச் சான்றுப் படிவத்தை எடுத்துப் போய் சல்லடை சார் கையில் கொடுத்தார்.

சல்லடை சார் அதை மூக்கருகே கொண்டுபோனார், கையை நீட்டிப் பிடித்தார், திருப்பிப் பிடித்தார். "ஒண்ணுமே தெரியலியேப்பா."

"ஹைட்ரஜன் அப்படித்தான் சார் இருக்கும்."

சல்லடை சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். "இதுதானா அது! காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று குத்துமதிப்பாக ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டார். பாதி படிவத்திலும் பாதி தலைவரின் முழங்காலிலும் விழுந்தது. தலைவர் தமக்கு ஏதோ கோப்பு வந்திருக்கிறது என்று நினைத்து அதற்குக் கீழே தாமும் ஒன்று போட்டார்.

அடுத்த வாரமே புதிய சுற்றறிக்கை வந்தது. ஹைட்ரஜனைக் கண்ணால் காண ஆணையம் ஒரு நவீன முறையைக் கண்டுபிடித்திருப்பதாகவும், சான்றில் கையெழுத்திடும் அதிகாரிகள் அனைவரும் அதற்கு முன் மருத்துவமனை சென்று மூன்று முறை சொட்டு மருந்து விட்டுக்கொள்வது கட்டாயம் என்றும் அதில் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பதினொரு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறேன். நாட்டின் முதல் ஹைட்ரஜன் பேருந்துத் தடம் என்று அதற்கு ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாததால் நீட்டியதில் எல்லாம் கையெழுத்து விழுகிறது. லாரிகள் அரை மணி நேரத்தில் வெளியே போகின்றன.

நேற்று லாரிக்காரர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அந்தக் கேட்ட கொஞ்சம் பூட்டி வைக்கக் கூடாதா? எனக்குக் கண்ணு தெளிஞ்சதுலேருந்து இவரு தினமும் மத்தியானமே வந்து எதிர்ல உக்காந்துக்கறாரு. சாம்பார்ல உப்பு சரியில்லங்கறாரு, துணி மடிச்சது கோணல்ங்கறாரு. இவ்வளவு பேசுற மனுஷன்னு எனக்கு இத்தன வருஷமாத் தெரியாதுண்ணே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது, "யாருகிட்டடி பேசற, சாப்பாடு ஆறுது, நீயும் வந்து உக்காரு."